குளிசை கொடுத்தாச்சு, வயிற்றுக்குள் போனதா? பாடசாலைப் பூச்சி மருந்தின் கணக்கை வாசிப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் எங்கள் பாடசாலையில் பூச்சி மருந்து, அதாவது வயிற்றுப் புழுவுக்கான குளிசை, கொடுத்த ஒரு நாளின் பெயர்ப் பட்டியல் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. தரம் 2. பெயர்களுக்கு நேரே மேலிருந்து கீழ்வரை சரி அடையாளம். ஒரே நீலப் பேனை, ஒரே சாய்வு, ஓரிடமும் வெறுமை இல்லை. அந்த வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அந்தக் கிழமை முழுக்கக் காய்ச்சல், பாடசாலைக்கே வரவில்லை. அவளுடைய பெயருக்கு நேரேயும் சரி. போட்டது நான்தான். நாளைக்கு நேரம் இருக்காது என்று முதல்நாள் பின்னேரமே எல்லாருக்கும் போட்டு வைத்திருந்தேன்.

அதனால் பெரிய ஆபத்து ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அந்த வருடம் குளிசை கிடைக்கவில்லை, கிடைத்ததாகக் கடதாசி சொல்கிறது. விடுபட்டவர்களைத் தேடி யாராவது பிறகு வந்திருந்தாலும் அவளைக் கண்டுபிடித்திருக்க முடியாது. பூச்சி மருந்துத் திட்டம் நன்றாக நடக்கிறதா என்பதை எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். படித்ததை, என்னைப் போல வகுப்பில் நிற்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் விளங்கும்படி எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் புழு

எங்கள் அம்மம்மாக்கள் காலத்தில் பாடசாலை லீவு விட்டால் பேதிக்குக் குடுப்பார்கள். ஆமணக்கெண்ணெய், பிறகு நாள் முழுக்க வளவுக்கும் வீட்டுக்கும் ஓட்டம். அது வீட்டுக்கு வீடு நடந்த வைத்தியம். எத்தனை பிள்ளைக்கு வேலை செய்தது என்று யாரும் எண்ணவில்லை. இன்று பாடசாலையில் கொடுப்பது மெபென்டசோல் 500 மில்லிகிராம் குளிசை. வேறு நாடுகளில் அல்பென்டசோல் 400 மில்லிகிராமும் கொடுக்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள், ஒரு தடவைக்கு ஒரு குளிசை.

இந்தக் குளிசை குறிவைப்பது மண் வழியாகப் பரவும் புழுக்களை: வட்டப்புழு, சாட்டைப்புழு, கொழுக்கிப்புழு. பிள்ளைகள் இரவில் சொறிந்து அழுவதற்குக் காரணமான கீரிப்பூச்சி வேறு இனம். வட்டப்புழுவும் சாட்டைப்புழுவும் முட்டையாக, கழுவாத கையோடும் மரக்கறியோடும் வாய்க்குள் போகின்றன. கொழுக்கிப்புழுவின் குடம்பி (இளம்புழு) ஈரமண்ணில் காத்திருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும். குடலில் கடித்துத் தொங்கி இரத்தம் குடிக்கும். நம் பக்கத்து நாடுகளில் அதிகமாகக் காணப்படும் கொழுக்கிப்புழு ஒன்று ஒரு நாளில் குடிப்பது ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர்தான். ஒன்றிரண்டு இருந்தால் தெரியாது. நூறு இருந்தால் நாளுக்கு 3 மில்லிலீற்றர், மாதம் முழுக்க. வகுப்பில் வெளிறிப்போய், கதிரையில் சாய்ந்தபடி இருக்கும் பிள்ளையைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வரும்.

இரண்டு விஷயங்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். ஒன்று, இந்தப் புழுக்கள் வயிற்றுக்குள் பெருகுவதில்லை. ஒரு பெண் வட்டப்புழு ஒரு நாளில் 2 லட்சம் முட்டை வரை இடும், ஆனால் அந்த முட்டைகள் வெளியே போய் மண்ணில் சில கிழமை கிடந்தால்தான் அடுத்த ஆளுக்குத் தொற்றும். குளிசை இன்று வயிற்றிலுள்ள புழுவைக் கொல்லும், நாளைக்கு மண்ணிலிருந்து வருவதைத் தடுக்காது. அதனால்தான் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு, புழுக்கள் எல்லாப் பிள்ளைகளிடமும் சமமாகப் பங்கிட்டு இருப்பதில்லை. ஒரு ஊரில் உள்ள புழுக்களில் பெரும்பகுதி ஒரு சில பிள்ளைகளின் வயிற்றில்தான் இருக்கும். மற்றவர்களிடம் கொஞ்சம், பலரிடம் ஒன்றுமே இல்லை. அந்த ஒரு சிலர் குளிசை நாளில் வராமல் போனால்? இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்விதான்.

எத்தனையில் எத்தனை?

உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை 2001இல் ஒரு இலக்கு வைத்தது: புழுத் தொல்லை உள்ள இடங்களில் பாடசாலை வயதுப் பிள்ளைகளில் குறைந்தது 75 சதவீதத்தினருக்கு மருந்து போய்ச் சேர வேண்டும். கேட்கச் சுலபம். ஆனால் எதில் 75 சதவீதம்?

ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். பாடசாலை வயதுப் பிள்ளைகள் 200 பேர். பாடசாலையில் பெயர் பதிந்தவர்கள் 180. குளிசை நாளன்று வந்தவர்கள் 150. எல்லார் கையிலும் ஒவ்வொரு குளிசை வைத்தாயிற்று. ஆசிரியர் கண்ணெதிரில் சப்பி விழுங்கியவர்கள் 135. மீதி 15 பேர் பொக்கற்றில் போட்டார்கள், ஜன்னலால் எறிந்தார்கள், "பிறகு சாப்பிடுறன் டீச்சர்" என்றார்கள்.

இப்போது அறிக்கை எழுதுங்கள். வந்தவர்களில் எத்தனை பேருக்குக் கொடுத்தோம்? 150க்கு 150, நூறு சதவீதம். பதிந்தவர்களில்? 180க்கு 150, அதாவது 83 சதவீதம், இலக்கைத் தாண்டியாயிற்று. ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளிலும் உண்மையில் விழுங்கியவர்கள்? 200க்கு 135, வெறும் 67.5 சதவீதம். இலக்குக்குக் கீழே. மூன்று எண்ணும் உண்மை. ஒரே ஊர், ஒரே நாள். யாரும் பொய் சொல்லவில்லை. கீழே வைக்கும் எண்ணும் மேலே வைக்கும் எண்ணும்தான் மாறியிருக்கின்றன.

இந்தக் கணக்கில் மேலே வரும் எண்ணைத் தொகுதி என்றும் கீழே வரும் எண்ணைப் பகுதி என்றும் கணித பாடத்தில் படித்திருப்போம். திட்டத்தின் வீச்சை, அதாவது அது எத்தனை பேரைப் போய்ச் சேர்ந்தது என்பதை, பார்க்கிறவர்கள் முதலில் சண்டை பிடிப்பது பகுதியோடுதான். குளிசை எத்தனை பேருக்கு நீட்டப்பட்டது என்பது ஒன்று, எத்தனை பேர் விழுங்கினார்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாக எழுதினால்தான் பிழை எங்கே என்று தெரியும். நீட்டப்பட்டதே குறைவு என்றால் விநியோகத்தில் கோளாறு. நீட்டியும் விழுங்கவில்லை என்றால் பயமோ, வதந்தியோ, கசப்போ. இரண்டுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பகுதிக்கு ஒரு தனிக் கதை இருக்கிறது. வடக்கில் 1981க்குப் பிறகு முழுமையான குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. இடையில் முப்பது வருட இடப்பெயர்வு. 2012க்குப் பிறகும் வலிகாமம் வடக்கில் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டு, சனம் கட்டங்கட்டமாகத் திரும்பியது. ஒரு கிராம சேவகர் பிரிவில் நேற்று இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை இன்றைக்குப் பொருந்தாது. பழைய எண்ணைக் கீழே போட்டுக் கணக்குப் பார்த்தால் சில இடங்களில் 108 சதவீதம் என்று வரும். அதைப் பார்த்துக் கைதட்டக் கூடாது. நூறுக்கு மேல் ஒரு எண் வந்தால், கீழே உள்ள எண் பிழை, அல்லது ஒரே பிள்ளை இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கிறது, அல்லது பக்கத்து ஊர்ப் பிள்ளை இங்கே படிக்கிறது. எது என்று தேடுவதுதான் கண்காணிப்பு. 108க்காவது ஆள் தேடிப் போவார்கள். பிழையான பகுதியோடு 92 என்று வந்த ஊரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், எனக்கு அதுதான் கூடப் பயம்.

நல்ல நாள் எப்படி இருக்கும்

குளிசை கொடுக்கும் வேலையின் தரம் என்பதைப் பெரிய சொல்லாக எடுக்கத் தேவையில்லை. குளிசைப் பெட்டியின் காலாவதித் திகதியைப் பார்த்தார்களா? வெயில் விழும் அலுமாரியில் வைத்தார்களா, நிழலிலா? குடிக்கத் தண்ணீர் இருந்ததா? ஆசிரியர் முன்னால் சப்பி விழுங்கச் சொன்னாரா? சரி அடையாளம் விழுங்கிய பிறகு போடப்பட்டதா, என்னைப் போல முதல்நாளேவா? இவ்வளவுதான். ஒரு மேற்பார்வையாளர் வகுப்பின் மூலையில் அரை மணித்தியாலம் பேசாமல் நின்றாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அழுகிற பிள்ளையின் வாயைப் பிடித்துக் குளிசையைத் திணிக்கவே கூடாது. மூச்சுக்குழாயில் சிக்கி உயிர் போன சம்பவங்கள் உலகில் பதிவாகியிருக்கின்றன. பயந்த பிள்ளையை ஓரமாக இருத்தி, ஆறவிட்டு, நொறுக்கித் தண்ணீரோடு கொடுக்கலாம். அதற்கும் சம்மதிக்காவிட்டால் அந்தப் பெயருக்கு நேரே வெறுமையாக விடுங்கள். இலக்கு எண்ணுக்காக ஒரு பிள்ளையின் தொண்டையோடு விளையாட முடியாது.

பிறகு பக்க விளைவு. சிலருக்கு வயிற்று நோவு, குமட்டல், ஒன்றிரண்டு தடவை வயிற்றால் போவது வரும். புழு அதிகம் உள்ள பிள்ளைக்குக் கூடுதலாக வரலாம். பெரும்பாலும் சில மணித்தியாலத்தில் அடங்கிவிடும். இதையும் ஒரு தாளில் எழுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்ப வேண்டும். எழுதாமல் மறைத்தால் என்ன நடக்கும் தெரியுமா? ஒரு பிள்ளை சத்தி எடுக்கும். அடுத்த நாள் சந்தையில் அது மூன்று பிள்ளையாகும். அடுத்த வருடம் பாதி வகுப்பு அன்றைக்கு லீவு. நேர்மையான பதிவு கையில் இருந்தால் பெற்றோர் கூட்டத்தில், "எங்களிடம் இத்தனை பேருக்கு இப்படி வந்தது, பின்னேரமே சுகமாகிவிட்டது" என்று நேரே சொல்லலாம்.

குளிசைக் கணக்கும் பார்க்க வேண்டும். வந்த குளிசையிலிருந்து திருப்பி அனுப்பியதையும் கீழே விழுந்து வீணானதையும் கழித்தால் வருவது, சரி அடையாளங்களின் எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். 200 குளிசை வந்து 40 மீதி என்றால் 160க்கு மேல் சரி இருக்க முடியாது. இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம்.

கடதாசி நடக்கும் பாதை

வகுப்புப் பட்டியலைக் கூட்டி அதிபர் ஒரு படிவம் எழுதுகிறார். படிவங்களைக் கூட்டி சுகாதாரப் பணிமனை ஒரு எண் எழுதுகிறது. அதிலிருந்து மாவட்டம், பிறகு கொழும்பு. ஒவ்வொரு படியிலும் ஒரு கை, ஒரு பேனை. வகுப்புப் பட்டியல்களைக் கூட்டினால் 412 வருகிறது, படிவத்தில் 421 என்று இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் நூறு பாடசாலையில் இப்படி நடந்தால் மேலே போகும் எண் வேறு எங்கோ போய் நிற்கும். அதனால் சில பாடசாலைகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, மூலப் பட்டியலை மறுபடி எண்ணி, அறிவித்த எண்ணோடு வகுத்துப் பார்ப்பார்கள். 412ஐ 421ஆல் வகுத்தால் 0.98. ஒன்றுக்குக் கிட்ட நின்றால் கடதாசி ஒன்றோடொன்று ஒத்துப்போகிறது. 0.7, 0.6 என்று இறங்கினால், மேலே கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் என்னுடைய அந்தத் தரம் 2 பட்டியல் இந்தச் சோதனையில் முழுப் புள்ளியோடு தேறியிருக்கும். பட்டியலிலும் சரி, படிவத்திலும் சரி. பொய் முதல் தாளிலேயே இருந்தால் எத்தனை தடவை எண்ணினாலும் வெளியே வராது. அதற்குப் பிள்ளையிடமே போய்க் கேட்க வேண்டும்.

பிள்ளையிடம் கேட்பது

இதைத்தான் வீச்சுக் கணிப்பு என்கிறார்கள். குளிசை கொடுத்த சில கிழமைக்குள், ஞாபகம் மங்கமுதல், வீடுகளைக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்துப் போய்க் கேட்பது. பாடசாலைக்குப் போய்க் கேட்டால் வந்த பிள்ளைகள்தான் பதில் சொல்வார்கள். வராத பிள்ளையைப் பற்றி அறிய அதன் வீட்டுப் படலையைத்தான் தட்ட வேண்டும். கேட்கும்போது குளிசையைக் கையில் வைத்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இரும்புச்சத்துக் குளிசையை நினைத்துக்கொண்டு எல்லாரும் தலையாட்டுவார்கள்.

பிறகு ஒரு முறை நானே இப்படி அயலில் சில வீடுகளுக்குப் போனேன்.

"பிள்ளை, போன கிழமை பள்ளிக்கூடத்தில இந்தக் குளிசை தந்தவையோ?"

"ஓம் டீச்சர்."

"சப்பினனீங்களோ?"

"இல்லை. வீட்டை கொண்டு வந்தனான்."

"ஏன் குஞ்சு?"

"தம்பிக்கு எந்த நேரமும் வயித்துக்குத்து. அவனுக்குக் குடுத்தனான்."

தம்பி இன்னும் பாடசாலை சேரவில்லை. அவனுடைய பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஏழு வயது அக்காவுக்குத் தெரிந்திருந்தது, குளிசை யாருக்கு வேண்டும் என்று. எங்கள் படிவத்தில் அதை எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

எல்லா வீட்டுக்கும் போக யாருக்கும் முடியாது. இருபது பிள்ளைகளைக் குலுக்கித் தெரிந்தெடுத்துக் கேட்பதே மேற்பார்வையாளருக்கு ஒரு விரைவான வழி. உண்மையில் 75 சதவீதம் பேர் விழுங்கியிருந்தால் இருபதில் 15 பேர் அளவில் "ஓம்" என்பார்கள். ஒன்றிரண்டு கூடிக் குறையலாம். ஆனால் பத்துப் பேரோ அதிலும் குறைவாகவோதான் சொன்னால், அது தற்செயலாக நடக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றிரண்டுதான். அந்த ஊரில் ஏதோ பிழை என்று துணிந்து சொல்லலாம், அடுத்த கிழமையே திருத்தலாம். இருபது பேரை வைத்து "இங்கே சரியாக 72 சதவீதம்" என்று சொல்ல முடியாது. போதாது என்று சொல்ல மட்டும் முடியும். அதுவே பெரிய காரியம்.

விடுபடுவது யார் என்று பார்த்தால் மனது கனக்கும். மாரியில், ஐப்பசி தொடங்கி மார்கழி வரை, தாழ்ந்த நிலங்களில் வெள்ளம் நிற்கும்போது பாடசாலை வராதவர்கள். கடல் கொந்தளித்து குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு ஓடாத நாளில் குளிசைப் பெட்டியே போய்ச் சேராத பாடசாலை. மாற்றுத்திறனாளிப் பிள்ளை. இடையில் படிப்பை விட்டவர்கள். ஈரமண், கழிப்பறைக் குறைவு, வறுமை எல்லாம் சேரும் இடமும் இதுதான். வயிறு நிறையப் புழு உள்ள அந்த ஒரு சிலர் இங்கே இருப்பதற்குத்தான் வாய்ப்புக் கூட. விடுபட்ட 25 சதவீதத்தில் அவர்கள் இருந்தால், 75 சதவீத வெற்றிக்குப் பிறகும் மண்ணில் முட்டை குறையாது.

புழு குறைந்ததா?

வீச்சு நல்லது, தரம் நல்லது, சரி. புழு குறைந்ததா? அதற்கு மலத்தைத்தான் பார்க்க வேண்டும். வழக்கமான முறைக்குக் கேட்டோ-காட்ஸ் என்று பெயர். ஓட்டையுள்ள ஒரு சிறு தகட்டை, சல்லடையில் அழுத்தி எடுத்த மலத்தால் நிரப்பினால் 41.7 மில்லிகிராம். அதைக் கண்ணாடித் தட்டில் வைத்து, கிளிசரினில் ஊறிய செலோபேன் துண்டால் மூடி அழுத்துவார்கள். கொஞ்ச நேரத்தில் மலம் தெளிந்து, நுணுக்குக்காட்டியில் முட்டைகள் தெரியும். எண்ணி 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமில் எத்தனை முட்டை என்று வரும். இதில் ஒரு நுட்பம்: கொழுக்கிப்புழுவின் முட்டை மென்மையானது. கிளிசரின் அதையும் தெளியவைத்து, அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் மறைத்துவிடும். தட்டைச் செய்து வைத்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்வந்தால் அங்கே கொழுக்கிப்புழுவே இல்லை என்று அறிக்கை வரும்.

முட்டையின் எண்ணிக்கை ஏன் வேண்டும் என்றால், தொற்று இருக்கிறதா என்பதைவிட எவ்வளவு இருக்கிறது என்பதே பிள்ளையின் உடம்பைத் தீர்மானிக்கிறது. வட்டப்புழு முட்டை கிராமுக்கு 5,000க்குக் கீழ் என்றால் இலேசான தொற்று, 50,000 தொட்டால் கடுமையானது. 2030க்குள் நடுத்தர, கடுமையான தொற்றை 2 சதவீதத்துக்குக் கீழ் கொண்டுவர வேண்டும் என்பது இப்போதைய உலக இலக்கு. குளிசை வேலை செய்கிறதா என்று பார்க்க, கொடுக்கமுதலும் கொடுத்து இரண்டு மூன்று கிழமையிலும் எண்ணிப் பார்ப்பார்கள். வட்டப்புழு முட்டை 95 சதவீதமாவது குறைய வேண்டும். சாட்டைப்புழு பிடிவாதக்காரப் புழு, ஒரு குளிசைக்கு அதன் முட்டை 50 சதவீதம் குறைந்தாலே எதிர்பார்த்த அளவு. ஆடு வளர்ப்பவர்களுக்கு இந்தச் சோதனையின் தேவை சட்டென்று புரியும்: இதே குடும்பத்து மருந்துகளுக்குக் கால்நடைகளின் புழுக்கள் அசையாமல் போனது பல நாடுகளில் நடந்திருக்கிறது. மனிதரில் அது நடந்தால் முதல் நாளே தெரிய வேண்டும்.

இலங்கையில் 2017இல் நாடு முழுக்க 130 பாடசாலைகளில் இப்படிப் பார்த்தார்கள். சேர்த்துக்கொண்ட 5,946 பிள்ளைகளில் மலம் கொண்டுவந்து கொடுத்தவர்கள் 4,276 பேர். வெட்கம் எல்லாருக்கும் பொது. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளில் தொற்று 0.97 சதவீதம்தான் என்று வந்தது. மகிழ வேண்டிய எண். அதே ஆய்வு தோட்டப் பாடசாலைகளைத் தனியாகப் பார்த்தபோது 9.02 சதவீதம். 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் கொழுக்கிப்புழுவைத் தேடி இலங்கைக்கு வந்தபோது வேலையைத் தொடங்கியதும் தோட்டங்களில்தான். நூறு வருடம் கழிந்தும் புழு தோட்டத் தொழிலாளர் வாழும் அதே லயன்களைவிட்டுப் போகவில்லை. நாட்டின் சராசரிக்குள் தோட்டம் மறைந்தது போல, யாழ்ப்பாணத்தின் சராசரிக்குள்ளும் ஒரு கரையோரக் குடியிருப்பு மறையலாம். அதனால் மாவட்டத்துக்கு ஒரு எண் வந்தால் எனக்குப் போதாது. வலயம் வலயமாக, தீவகம் தனியாக, முடிந்தால் பாடசாலை பாடசாலையாகப் பிரித்துக் கேட்கிறேன். தொற்று குறையக் குறைய எல்லாருக்கும் கொடுப்பதைவிட, இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் வேலை. கண்டுபிடிக்க நேர்மையான கணக்குத் தேவை.

இப்போது என் வகுப்புப் பட்டியலில் மூன்று கட்டம் கீறியிருக்கிறேன்: வந்தது, கொடுத்தது, கண்முன் விழுங்கியது. கடைசிப் பக்கத்தில் அன்றைக்கு வராதவர்களின் பெயர்களைத் தனியாக எழுதுகிறேன். இந்தியாவில் குளிசை நாளுக்குச் சில நாள் கழித்து, தவறவிட்டவர்களுக்கென்றே இன்னொரு நாள் வைக்கிறார்கள். நான் பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிடம் கேட்டு மீதிக் குளிசையில் கொஞ்சத்தை ஒரு கிழமை பாடசாலையிலேயே வைத்துக்கொள்கிறேன். போன தடவை கடைசிப் பக்கத்தில் ஐந்து பெயர் இருந்தது. நாலு பேர் அந்தக் கிழமையே வந்துவிட்டார்கள். ஐந்தாவது பிள்ளையின் குடும்பம் தகப்பனின் தொழிலுக்காக வடமராட்சி கிழக்குப் பக்கம் போய்விட்டதாக அயலார் சொன்னார்கள். அந்தப் பெயருக்கு நேரே ஒன்றும் போடவில்லை. அங்கேயுள்ள பாடசாலை எது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.